மேற்கே சரிந்த வீட்டில் ஒரு குடிபூரல்

அந்த வீட்டை வாங்கிய செய்தியை என் அண்ணா எனக்கு நேராகச் சொல்லவில்லை. "ஒரு இடத்திலை போய்ச் சாப்பிடுவம், வா" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரை விட்டு வெளியேறி, காட்டுமேட்டைத் தாண்டி, குதிரைகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் ஒரு கிராமத்தில் நிறுத்தினார். ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு பெரிய லிண்டன் மரம், மரத்துக்கு எதிரே ஒரு மதுக்கடை. கறுப்பு மரச்சட்டங்களும் அவற்றுக்கு இடையில் வெள்ளைச் சுவருமாக, நாட்காட்டிப் படங்களில் வருகிற மாதிரியான பழைய ஜெர்மன் வீடு. ஆனால் நாட்காட்டி வீடுகள் நிமிர்ந்து நிற்கும். இது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ரகசியத்துக்குக் காது கொடுப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"எப்பிடி இருக்கு?" என்றார் அண்ணா.

"எது?"

"வீடு."

"வடிவாத்தான் இருக்கு. ஆனா மேற்குப் பக்கம் சரிஞ்சு போச்சு. உந்த வீட்டை வாங்கப்போற ஆள் பாவம்."

"வாங்கியாச்சு" என்றார் அண்ணா. சொல்லிவிட்டு, பட்டத்து இளவரசர் போல வாசலை நோக்கி நடந்தார். நிலைக்கு மேலே கிடந்த உத்தரத்தில் அவர் நெற்றி மோதிய சத்தம் தெருவில் நின்ற எனக்குக் கேட்டது.

பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவதுதான் என் தொழில். ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "அவள் கோடு கீறுறவள்" என்று சொல்லுவார்கள். அண்ணா ஜெர்மன் உணவகங்களின் சமையலறைகளில் காலமெல்லாம் ஷ்னிட்சலுக்கு இறைச்சி தட்டிப் பொரித்தவர். ஜெர்மன்காரர்களே வாயடைத்துப்போகும் அளவுக்குத் தட்டுவார். தனக்கென்று ஒரு அடுப்பு, தனக்கென்று ஒரு வாசல் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த வாசல் இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே காட்டினார். உள்ளே போனதும் என் கை தானாக அளவுநாடாவைத் தேடியது. ஒரு காலத்தில் மாடுகளும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடு அது. நடுவில் வைக்கோல் வண்டி நுழையக்கூடிய அளவுக்கு உயர்ந்த மண்டபம், வண்டி வாசலை மட்டும் எப்போதோ அடைத்துவிட்டார்கள். இரு பக்கமும் ஓக் மரத் தூண்கள், தூண்களுக்கு மேலே குறுக்கு உத்தரங்கள், மூலைகளில் முட்டுக்கொடுக்கும் சாய்சட்டங்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. சட்டத்துக்குள் சட்டத்தைச் செருகி, துளை போட்டு, மர ஆணி அறைந்து பூட்டியிருந்தார்கள். மாடுகள் நின்ற இடத்தில் இப்போது மேசைகள் போட்டிருந்தார்கள். மண்டபத்தின் நடுவில், பலகைத் தளத்துக்கு இடையே, சதுரமாகக் கல் பாவிய ஓர் இடம் இருந்தது. பழைய நாட்களில் அங்கேதான் நெருப்பு எரிந்திருக்கிறது. புகைபோக்கி கிடையாது. புகை நேரே மேலே போய், பரணில் தொங்கும் பன்றித் தொடைகளைப் பதப்படுத்திவிட்டு, கூரைக்குள்ளால் தன்பாட்டில் வெளியேறுமாம். உத்தரங்கள் இன்னமும் தார் பூசியதுபோல மின்னின.

சுவரின் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் அண்ணா விரலால் குடைந்து பார்த்தார். உள்ளே வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பியிருந்தது.

"மண் வீடோ?" என்றார் திடுக்கிட்டு.

"ஓம். மரச்சட்டத்துக்கு இடையிலை முழுக்க மண்தான்."

"உந்தக் கதையை அண்ணிக்குச் சொல்லாதை."

மேற்கு மூலையில், சன்னலோரமாக, ஒரு வட்ட மேசை. அதில் மூன்று கிழவர்கள் பியர் குவளைகளோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கூரை வேலைக்காரர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்றாமவர் பன்றி வளர்த்தவர், இப்போது மகனுக்கு யோசனை மட்டும் சொல்லுகிறவர். ஜெர்மன் மதுக்கடைகளில் இப்படி நிரந்தர ஆட்களுக்கென்றே ஒரு மேசை இருக்கும், வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது. வீட்டை விற்ற ஜெர்மன் அம்மா சாவியைக் கொடுக்கும்போதே அண்ணாவிடம் சொல்லிவிட்டாராம்: "இந்த மூன்று பேரும் வீட்டோடு சேர்ந்தவர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம். இடம் மாற்ற அனுமதி கிடைக்காது."

அண்ணி அடுத்த வாரம் பார்க்க வந்தார். அவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். எந்தக் கிழவரைக் கண்டாலும் "இன்றைக்கு எப்படி இருக்கிறோம்? தண்ணீர் குடித்தோமா?" என்று கேட்கும் ஜெர்மன் அவருக்குத் தானாகவே வந்துவிடும். அதை அந்த மூவரிடமும் கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் பியர் குவளைகளை மறைத்தார்கள்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு அண்ணியின் கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காய் கீழே விழுந்தது. புதிதாக எது வாங்கினாலும் கண்ணூறு கழிக்கக் காலடியில் வைத்து நசுக்கவென்று எலுமிச்சை எடுத்துவருவது அவர் வழக்கம். விழுந்த தேசிக்காய் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டது. வேகம் பிடித்தது. மண்டபத்தின் முழு நீளத்தையும் கடந்து, வட்ட மேசைக்கு அடியில் புகுந்து, மேற்குச் சுவரில் மோதி நின்றது.

பன்றி வளர்த்தவர் குனிந்து அதை எடுத்துவந்து மிகுந்த மரியாதையோடு அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதை மறுபடியும் தரையில் வைத்தார். அது மறுபடியும் போனது. இம்முறை தபால்காரர் கொண்டுவந்தார். மூன்றாம் முறை அண்ணா இடையில் புகுந்தார்.

"போதும், விடும்."

"இஞ்சேருங்கோ" என்றார் அண்ணி. "உந்த வீட்டிலை எப்பிடிப் பால் காய்ச்சுறது?"

"ஏன்?"

"பால் மேற்காலை எல்லோ வழியப்போகுது!"

புது வீட்டில் குடிபூரும்போது பால் காய்ச்சுவதும், அது பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தால் நல்லது என்பதும் எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அண்ணா அதை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. ஆனால் அண்ணியைப் பொருட்டாக எடுப்பவர். அவர் முகம் மாறியது.

"உந்தச் சுவரும் மண்போலை கிடக்கு" என்றார் அண்ணி, உதிர்ந்த இடத்தைக் கூர்ந்து பார்த்து. "ஜெர்மனிக்கு வந்து மண் வீடு வாங்கின முதல் ஆள் என்ரை மனிசன்தான்."

சனிக்கிழமைகளில் நான் போய் வீட்டை அளந்தேன். அலுவலக வேலையில் ஒரு வீட்டில் ஒன்றிரண்டு மூலைகள் பிசகியிருக்கும், சமாளிக்கலாம். இங்கே எந்த மூலையும் எந்தச் செங்கோணத்துக்கும் கட்டுப்படவில்லை. ஒரே அறையின் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க மறுத்தன. சன்னல்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கருத்து வைத்திருந்தன. உத்தரங்களின் பக்கவாட்டில் தச்சர்கள் உளியால் வெட்டிய சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. ரோம எண்கள். மரத்தை முதலில் முற்றத்தில் அடுக்கிப் பொருத்திப் பார்த்து, எந்தத் தூணுக்கு எந்தச் சட்டம் என்று எண்ணிட்டு, பிறகு கழற்றி எடுத்துப்போய்த் தூக்கி நிறுத்துவது அவர்கள் வழக்கம். நாலாம் தூணில் ஏழாம் சட்டம் செருகியிருந்தது. நான் அதைக் கூரை வேலைக்காரரிடம் காட்டினேன்.

"அன்றைக்கு மதியச் சாப்பாட்டோடு பியர் கொடுத்திருப்பார்கள்" என்றார் அவர்.

"இந்த வீட்டில் ஒரு மூலைகூட நேராக இல்லை, தெரியுமா?"

"நேரான மூலை வேண்டுமென்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்."

மேற்கே சரிந்ததற்குக் காரணமும் எளிமையானது. அந்தப் பக்கத்தில் மழை எப்போதும் மேற்கிலிருந்துதான் அடித்துவரும். தூண்களைத் தாங்கும் அடிச்சட்டம் தலைமுறை தலைமுறையாக நனைந்து நனைந்து கொஞ்சம் அமர்ந்துவிட்டது. தளமும் கூடவே இறங்கிவிட்டது.

இதைத் திருத்த அனுமதி கேட்கத்தான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்தோம். டெர்மின் என்கிற சந்திப்பு நாள் கிடைக்கவே நெடுநாள் ஆனது. உயரமான, மெலிந்த அம்மா. ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு பின்னல் ஊசியும் எப்போதும் கையில் இருக்கும். சுத்தியலால் மரத்தைத் தட்டி மருத்துவர்போலக் காது வைத்துக் கேட்பார். ஊசியால் குத்திப் பார்ப்பார். வாசலில் குனிந்துதான் வந்தார். அண்ணாவுக்கு அதிலேயே அவர்மேல் ஒரு பயம் வந்துவிட்டது.

அண்ணி சுற்றிவளைக்கவில்லை. "தளத்தை மட்டமாக்க வேண்டும்" என்றார் ஜெர்மனில்.

"எதற்காக?"

"பால் கிழக்கே வழிய வேண்டும்."

அதிகாரி சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கொஞ்சம் யோசித்து, "எவ்வளவு பால்?" என்று கேட்டார்.

"ஒரு பானை."

"ஒரு பானைப் பாலுக்காக இந்தப் பலகைகளைக் கழற்ற விடமாட்டேன். இந்த வீடு சரிய வேண்டியதெல்லாம் சரிந்து முடித்துவிட்டது. இப்போது ஓய்வில் இருக்கிறது. அதை எழுப்பாதீர்கள்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அண்ணிக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியும். தளத்தின் கதையை விட்டுவிட்டார். ஆனால் அதிகாரி போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பால் காய்ச்சும் நாளில் நானும் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். வரச்சொன்னோம். வேறென்ன செய்வது?

வட்ட மேசை இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அங்கே பந்தயம் முடிவாகியிருந்தது. கூரை வேலைக்காரர் கிழக்கு. பன்றி வளர்த்தவர் மேற்கு, "நான் புவியீர்ப்பை நம்புகிறவன்" என்றார். தபால்காரர் வடக்கு. ஏன் வடக்கு என்று கேட்டதற்கு, மற்ற இரண்டும் போய்விட்டன, தெற்கில் தனக்கு மாமியார் இருந்தார் என்றார். தோற்றவர்கள் ஒரு மாலை முழுவதும் புதினாத் தேநீர் மட்டும் குடிக்க வேண்டும். இதைவிடக் கொடிய தண்டனை அந்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லை.

குடிபூரல் ஒரு ஞாயிறு காலை வைத்தோம். முந்திய நாள் அண்ணா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, நீ கோடு கீறுறவள் எல்லோ?"

"அதுக்கென்ன?"

"அடுப்பை ஒரு பக்கம் கொஞ்சம் உயத்தி வை. பால் கிழக்காலை போகவேணும். அண்ணிக்குத் தெரியக்கூடாது."

"அது கள்ளமெல்லே அண்ணா?"

"கள்ளமில்லை. திருத்தம்."

ஞாயிறு காலை வெள்ளென, மற்றவர்கள் வருமுன், போய்விட்டேன். நடுமண்டபத்துக் கல்லின்மேல் நாலு கால் வைத்த சின்ன காஸ் அடுப்பு தயாராக இருந்தது. பியர் குவளைக்கு அடியில் வைக்கிற வட்ட மட்டைகள் ஒரு கட்டு எடுத்துவந்து மேற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் கீழே அடுக்கினேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி அழகாக ஒதுங்கி நின்றது. இனி பால் கிழக்கே போகாவிட்டால் என் தொழிலையே விட்டுவிடலாம் என்று எண்ணிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி வாழையிலையும் பூவும் பரப்பி மட்டைகளை மறைத்தேன்.

தேவாலயம் முடிந்து ஊரே வந்துவிட்டது. கூரை வேலைக்காரர் ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருந்தவராம். பழைய சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரோடு, மர வீட்டில் நெருப்பு வைக்கும்போது பக்கத்தில் நிற்பது தன் கடமை என்று அடுப்பருகே நின்றார். பன்றி வளர்த்தவர் பூக்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். தபால்காரரின் சப்பாத்து நாடா அடுப்புக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவிழ்ந்தது. அதையெல்லாம் நான் கண்டேன். ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

ஐயர் வந்தார். வாசலில் நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "ஐயா, தலை!" என்று கத்தினோம். அவர் எங்களுக்கு ஆசி சொல்லவென்று நிமிர்ந்தார். அதனால்தான் பட்டது. விபூதிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு புதிதாகத் தோன்ற, உட்கார்ந்து மந்திரம் சொன்னார். அண்ணி பட்டுச்சேலையில் பித்தளைப் பானையை அடுப்பில் ஏற்றினார். அதிகாரி அம்மா தன் சுத்தியலையும் ஊசியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

பால் காயும்போது ஒரு மண்டபம் முழுக்க ஆட்கள் இவ்வளவு அமைதியாக நின்றதை நான் கண்டதில்லை. கால்பந்துப் போட்டியில் தண்ட உதை அடிக்கும் முன் நிற்பதுபோல நின்றார்கள். வெள்ளை நுரை மெல்ல எழுந்து பானையின் கழுத்துக்கு வந்தது. விளிம்பில் வந்து நின்றது. பிறகு பொங்கியது.

கிழக்கே வழிந்தது. கூரை வேலைக்காரர் கையைத் தூக்கினார். அதே கணத்தில் மேற்கேயும் வழிந்தது. வடக்கே வழிந்தது. தெற்கேயும் வழிந்தது. பானையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பாவாடை இறங்கியதுபோல நாலா பக்கமும் ஒரே அளவாக வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

அண்ணி ஐயரைப் பார்த்தார். ஐயர் பானையைப் பார்த்தார். அவரும் அனுபவசாலிதான்.

"நாலு திக்கும் நிறைஞ்சு போச்சுது அம்மா" என்றார். "இதுக்கு மேலை உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணியின் முகம் மலர்ந்தது. மண்டபமே கைதட்டியது. வட்ட மேசை மட்டும் தகராறில் இறங்கியது. மூவருமே வென்றதாகச் சொன்னார்கள். அதன்படி பார்த்தால் மூவரும் தோற்றவர்கள், மூவருக்கும் புதினாத் தேநீர் என்று அண்ணா தீர்ப்பளித்தார்.

அப்போதுதான் அதிகாரி அம்மா குனிந்து வாழையிலையை விலக்கினார். "இவை என்ன?" என்றார்.

அடுப்பின் நாலு கால்களுக்கும் கீழே மட்டைகள். நான் மேற்கில் வைத்தவை அப்படியே இருந்தன, அவற்றின் மேல் இன்னும் சில ஏறியிருந்தன. கிழக்கில் ஒரு கட்டு. கல் கொஞ்சம் பள்ளமாகக் கிடந்த தெற்கில் ஒரு கட்டு. அடுப்பு ஒரு சின்னக் கோபுரத்தின்மேல் நின்றது. கேள்வி எழுந்ததும் அங்கே நின்ற பலருக்கு ஒரே நேரத்தில் உத்தரங்களின் அழகு கண்ணில் பட்டது. கூரை வேலைக்காரர் அண்ணாந்தார். பன்றி வளர்த்தவரின் காதுகள் சிவந்தன. தபால்காரருக்கு நாடா மறுபடி அவிழ்ந்தது. நானும் அண்ணாவும் கூரையையே பார்த்தோம்.

"என்ன வெக்கங்கெட்ட வேலை!" என்றார் அண்ணி எங்களைப் பார்த்து. "சாமி காரியத்திலை ஆராவது இப்பிடிச் செய்வினமே?" கோபத்தில் அவர் கையை வீசியபோது, சேலைக் கொசுவத்திலிருந்து ஒரு வட்ட மட்டை நழுவி விழுந்தது.

ஐயர் அவசரமாக அடுத்த மந்திரத்தைத் தொடங்கினார். எல்லாம் முடிந்தபின் ஒரு ஆர்வத்தில் நான் அடுப்பின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. அந்த வீடு முழுவதிலும் மட்டமாக இருந்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் பால் அதற்குள் கல்லைத் தாண்டித் தளத்துக்கு இறங்கியிருந்தது. நாலு திசையும் போன பால், பலகையில் கால் வைத்ததும் மனம் மாறி, ஒன்றாகச் சேர்ந்து மேற்கே நடந்தது. வட்ட மேசைக்கு அடியால் போய், சுவரோரத்துப் பலகை இடுக்கில் இறங்கி, காணாமல் போனது.

அதிகாரி முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கே போகிறது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. எழுந்து வெளியே ஓடினார், வாசலில் குனிந்துதான். நாங்கள் பின்னால் ஓடினோம். மேற்குச் சுவரின் அடியில், எவரோ எப்போதோ அடித்துத் தார் பூசிய ஒரு நீண்ட மறைப்புப் பலகை இருந்தது. அதன் கீழிருந்து எங்கள் பால் சொட்டுச்சொட்டாக வந்துகொண்டிருந்தது.

அண்ணா ஒரு கத்தியைக் கொண்டுவந்து பலகையை நெம்பினார். அதிகாரி பின்னல் ஊசியை எடுத்து, உள்ளே தெரிந்த அடிச்சட்டத்தில் குத்தினார். ஊசி நிற்கவில்லை. கேக்கில் போவதுபோல முழுதும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறுப்புத் தூள் வந்தது.

"வீடு ஓய்வில் இல்லை" என்றார் அதிகாரி. நல்ல மனிதர், தான் சொன்னதைத் தானே திருத்தினார். "மண்டபத்தை யாரும் பயன்படுத்தக்கூடாது. முதலில் முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் முழுவதையும் தூக்கி அடிச்சட்டத்தை மாற்ற வேண்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கடை திறப்பதாக அண்ணா ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். பழைய வேலையை விட்டாயிற்று. அவர் போய் லிண்டன் மரத்தடி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நெற்றியில் அந்த வாரம் மறுபடி இடித்த காயத்தின் பிளாஸ்டர், கையில் கத்தி. சின்ன வயதில் அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "உந்த வீடு என்னைப் பாத்துச் சிரிக்குது, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினோம். மூன்று கிழவர்களும் வட்ட மேசையைத் தூக்கிக்கொண்டு வாசலால் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மேசை பெரிது, கிழவர்கள் நடுங்கினார்கள், அண்ணி "மூச்சு விடுங்கள், மூச்சு விடுங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார். மரத்தடியில் மேசையை வைத்தார்கள். வைத்ததும் அது பக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. சரிந்த தளத்தில் நேராக நிற்கவென்று அதன் கால்களை யாரோ எப்போதோ அறுத்திருக்கிறார்கள். சமதரையில் அது நொண்டி.

"பரவாயில்லை" என்றார் தபால்காரர், குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து. "சமையலறை கிழக்குப் பக்கம்தானே இருக்கிறது? அதற்கு ஒன்றும் இல்லையே?"

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். "சமையலறைக்கு ஒன்றும் இல்லை" என்றார்.

அப்படித்தான் அண்ணாவின் கடை திறந்தது, வாசலால் அல்ல, சமையலறைச் சன்னலால். கோடை முழுவதும் ஊர் ஆட்கள் லிண்டன் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அண்ணா சன்னலால் தட்டுகளை நீட்டினார். ஷ்னிட்சலுக்கு மேலே அண்ணி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டு ஒரு குழம்பு ஊற்றினார். பன்றி வளர்த்தவர் முதல் வாய் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, நாற்பது வயதில் இது கிடைத்திருந்தால் தான் வேறு மனிதனாக இருந்திருப்பேன் என்றார்.

தச்சர்கள் தங்கள் தொழில் வழக்கப்படி கறுப்புக் கோடுரோய்த் துணி உடுப்பும் அகன்ற தொப்பியுமாக வந்தார்கள். இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். இரும்பு ஜாக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டின் மேற்குப் பக்கத்தை முழுதாகத் தூக்கினார்கள். ஓக் மரங்கள் முனகின. பழைய அடிச்சட்டம் கையாலேயே பிய்ந்து வந்தது. புதிய ஓக் சட்டத்தை முற்றத்தில் கிடத்தி, பழைய முறைப்படியே பொருத்துக்களுக்குப் பக்கத்தில் உளியால் எண்களை வெட்டினார்கள். அண்ணி ஒரு தட்டில் வடையோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண் தச்சரிடம் உளியைக் கேட்டார்.

"அண்ணி, என்ன செய்யப்போறியள்?" என்றேன்.

"சும்மா இரும் மச்சாள். தொடங்கேக்கை போடவேண்டியதைப் போடத்தானே வேணும்."

குந்தியிருந்து, சுவருக்குள் மறையப்போகும் பக்கத்தில், ஒரு பிள்ளையார் சுழியை வெட்டினார். கொஞ்சம் கோணல்தான். வெட்டி முடிக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மற்ற எண்களைப் பார்த்தார். பிறகு இதைப் பார்த்தார்.

"இது என்ன எண்?"

"ஒன்றுக்கு முன்னால் வருவது" என்றேன்.

"பூச்சியமா?"

"அப்படியும் சொல்லலாம்."

அவர் நிமிர்ந்து, கூரை ஓடுகளை நெடுநேரம் ஆராய்ந்தார். அதற்குள் தச்சர்கள் சட்டத்தைத் தூக்கி இடத்தில் வைத்து மர ஆணி அறைந்துவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் மண்டபம் திறந்தது. தளம் முற்றாக மட்டமாகவில்லை, ஆனால் தேசிக்காய் இப்போது நடந்து போகிறது, ஓடவில்லை. வட்ட மேசையின் காலுக்குக் கூரை வேலைக்காரரே மரத்துண்டு வைத்து ஒட்டினார். அண்ணா ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சமையலறையிலிருந்து வெளியே வந்து, நிறைந்த மேசைகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறார்.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. வீட்டைத் தூக்கியதில் கதவுகள் குழம்பிவிட்டன. இதுவரை மூடாதவை மூடின, மூடியவை திறந்துகொண்டன. ஆண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளும் அதன் பிடியும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் கொஞ்ச நேரத்தில் அது முனகிக்கொண்டு தானாகத் திறந்து, பார் மேசையைப் பார்த்து நிற்கும். சீவிச் சரிப்படுத்தலாமா என்று அதிகாரியைக் கேட்டோம். கதவும் பழையது, தொடக்கூடாது என்றார்.

அதனால் உள்ளே இருப்பவர் சத்தம் போட வேண்டும், சத்தம் கேட்கும்வரை யாரும் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று ஊரில் ஓர் ஏற்பாடு. கூரை வேலைக்காரர் தீயணைப்புப் படைப் பாட்டைப் பாடுகிறார். பன்றி வளர்த்தவர் இருமுகிறார். தபால்காரருக்குப் பாட்டு வராது. அவர் அண்ணியிடம் கேட்டுத் தமிழில் எண்ணப் பழகியிருக்கிறார். போன சனிக்கிழமை நான் ஷ்னிட்சலுக்குக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." கடை முழுக்க ஆட்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினேழு வரை ஒழுங்காக வந்து அவர் தடுமாறி நின்றார். கதவு மெல்ல அசையத் தொடங்கியது.

"பதினெட்டு!" என்று அண்ணி சமையலறையிலிருந்து கத்தினார்.